டிக்... அதுக்கப்புறம் ஒண்ணுமே இல்லை!

சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம். மீட்டர் போர்டில் விளக்கு எரிகிறது. இன்ஜின் மட்டும் கல் மாதிரி கிடக்கிறது. மறுபடி திருப்பினால் மறுபடி 'டிக்'. அவ்வளவுதான்.

சென்னையில் ஒரு ஸ்கூட்டருக்கு இது நடந்தால் "செல்ஃப் எடுக்கலை" என்று அலுத்துக்கொண்டு, கிக்கரை நாலு உதை உதைத்துவிட்டு ஆபீசுக்குக் கிளம்பிவிடுவார்கள். உதைத்தும் எடுக்காவிட்டால் ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு டீ குடிக்கலாம். ஆனால் இங்கே விஷயம் ஸ்கூட்டர் இல்லை... ஸ்னோமொபைல். முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் டாங்கிக்கு இருப்பது போல ஒரு ரப்பர் பட்டை, நடுவில் பைக் மாதிரி சீட்டும் ஹேண்டில்பாரும். பனியில் ஓடுவதற்கென்றே பிறந்த வண்டி. அது நின்றுபோகிற இடத்தில் டீக்கடை இருக்காது.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி ரோஸோ என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. போலாரிஸ் கம்பெனி பிறந்த ஊர். 1950களின் நடுவில் அங்கே ஒரு பட்டறையில்தான் அவர்களுடைய முதல் ஸ்னோமொபைலைச் செய்தார்கள். ஜனவரி ராத்திரியில் அங்கே மைனஸ் 20 டிகிரிக்குக் கீழே போவது செய்தியே இல்லை. கொஞ்ச தூரத்தில் 'லேக் ஆஃப் த வுட்ஸ்' என்ற பெரிய ஏரி. குளிர்காலத்தில் மொத்தமும் உறைந்துவிடும். ஜனங்கள் ஸ்னோமொபைலில் ஏரிக்கு நடுவே போய், ஐஸில் ஓட்டை போட்டு மீன் பிடிப்பார்கள். அப்படிப் போன ஒருவர் நாலு மணி நேரம் தூண்டிலோடு உட்கார்ந்துவிட்டு, இருட்டுகிற நேரத்தில் வந்து சாவியைத் திருப்புகிறார் என்று வைத்துக்கொள்வோம். கரை பத்துப் பதினைந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. காற்று வேறு அடிக்கிறது. அப்போது கேட்கிற 'டிக்'குக்கும் சென்னை 'டிக்'குக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

இந்த வண்டியின் சரித்திரத்திலேயே அந்தப் பயம் இருக்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர்ட் என்ற ஊர்க்காரர் ஜோசஃப் அர்மான்ட் பொம்பார்டியே. 1934 குளிர்காலத்தில் அவருடைய இரண்டு வயதுப் பையனுக்குக் குடல்வால் அழற்சி. சாலையெல்லாம் பனி மூடிக் கிடந்ததால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக முடியவில்லை. குழந்தை இறந்துவிட்டது. ஏற்கெனவே பனி வண்டி முயற்சியில் இருந்த மனிதர், அதற்கப்புறம் விடவே இல்லை. 1937ல் பட்டையை ஓட்டும் பல்சக்கர அமைப்புக்குக் காப்புரிமை வாங்கினார். முதலில் வந்தவை பஸ் மாதிரி ஏழெட்டுப் பேர் உட்காரும் பெரிய வண்டிகள். ஒருவர் இருவர் ஏறிப் போகிற 'ஸ்கி-டூ' 1959ல் வந்தது.

வந்த பத்துப் பதினைந்து வருஷத்தில் வடதுருவப் பக்கத்து வாழ்க்கையையே புரட்டிப் போட்டுவிட்டது. ஃபின்லாந்தின் வட கோடியில் கலைமான் மேய்க்கும் ஸ்கோல்ட் சாமி மக்களிடம் இது என்ன செய்தது என்று பெர்ட்டி பெல்டோ என்ற மானுடவியலாளர் 1973ல் ஒரு புத்தகமே எழுதினார். மான் பூட்டிய சறுக்கு வண்டி சில வருஷங்களில் காணாமல் போயிற்று. மானுக்குப் பனிக்கு அடியில் இருக்கும் பாசி போதும். இயந்திரத்துக்குப் பெட்ரோலும் உதிரி பாகமும் வேண்டும், அதற்குக் காசு வேண்டும், பழுது பார்க்கத் தெரிய வேண்டும். மானுக்கு சாலினாய்டு ரிலே கிடையாது என்பதும் ஒரு வசதிதான் :-)

ஆரம்பகால வண்டிகளைக் கயிறு இழுத்துத்தான் கிளப்புவார்கள். நம்மூர் ஜெனரேட்டர் மாதிரி. எலக்ட்ரிக் ஸ்டார்ட் என்பது கூடுதல் காசு கொடுத்தால் கிடைக்கிற சொகுசு. கயிறும் கூடவே இருக்கும். இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகள் நிறைய இன்னமும் அப்படித்தான். ஆனால் பெரிய நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் வைத்த வண்டிகள் பலவற்றில் கயிறே இல்லை. அவ்வளவு பெரிய இன்ஜினைக் கையால் இழுத்துச் சுற்றுவது ஆகிற காரியமா? ஆக, பட்டன் வேலை செய்தால் வீடு. செய்யாவிட்டால் ஏரி. சொகுசுக்கு வந்தது உயிர்நாடியாகிவிட்டது.

சரி, 'டிக்'குக்கு வருவோம்.

வண்டி 'டிக்' என்றால் பெரும்பாலானவர்கள் செய்கிற முதல் காரியம், ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதுவது. புது மோட்டார் வாங்கி, விரல் விறைக்க விறைக்க மாட்டுவார்கள். மறுபடி 'டிக்'. அப்புறம் ரிலே வாங்குவார்கள். அதற்கப்புறம் பேட்டரி. கடைசியில் ஒரு துருப்பிடித்த போல்ட்டைச் சுரண்டி முறுக்கினால் வண்டி கிளம்பும். அதற்குள் ஒரு மாசச் சம்பளம் காலி. இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த 'டிக்' சத்தமே பாதிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டது. யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை.

உள்ளே இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று சின்னப் பாதை: பேட்டரியில் இருந்து ஃபியூஸ், சாவி, பாதுகாப்பு ஸ்விட்ச்சுகள் வழியாக ரிலேயின் காயிலுக்கு. இதில் ஓடுவது சில ஆம்பியர்தான். இன்னொன்று பெரிய பாதை: பேட்டரியில் இருந்து தடி கேபிள், ரிலேயின் செம்புத் தகடு, இன்னொரு தடி கேபிள், மோட்டார், அங்கிருந்து இன்ஜின் உடம்பு, எர்த் கேபிள், திரும்பப் பேட்டரி. இதில் நூறு ஆம்பியர் கணக்கில் ஓடும். 'டிக்' என்பது சின்னப் பாதை முழுவதும் நல்லபடியாக இருக்கிறது, ரிலே தன் வேலையைச் செய்யப் பார்த்தது என்பதற்கான சாட்சி. சாவி, ஃபியூஸ் எல்லாம் அந்த நொடியிலேயே விடுதலை! சத்தமே வராமல் இருந்தால்தான் அவற்றைச் சந்தேகப்பட வேண்டும்.

'டிக்டிக்டிக்டிக்' என்று தையல் மெஷின் மாதிரி அடித்தால் அது வேறு கதை. ரிலே இழுக்கிறது, மோட்டார் கரண்ட்டை உறிஞ்சுகிறது, வோல்டேஜ் சரிகிறது, ரிலேயைப் பிடித்து வைக்கக்கூடத் தெம்பில்லை, விட்டுவிடுகிறது, வோல்டேஜ் ஏறுகிறது, மறுபடி இழுக்கிறது... பேட்டரி சோர்ந்துவிட்டது, இல்லை அதன் டெர்மினல் லூஸ் என்று அர்த்தம். 'விர்ர்ர்' என்று மோட்டார் மட்டும் சுற்றி இன்ஜின் சுற்றாவிட்டால் கரண்ட்டில் குறையே இல்லை. மோட்டார் தலையில் இருக்கும் பென்டிக்ஸ் என்ற பல்சக்கரம் முன்னால் வந்து ரிங் கியரைக் கவ்வவில்லை. கண்ட கிரீஸை அங்கே அப்பி வைத்திருந்தால் குளிரில் அது மெழுகாக இறுகி, பல்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். இதற்குக் கழற்றித் துடைத்தாலே போதும், மோட்டாரை மாற்ற வேண்டியதில்லை.

ஒற்றை 'டிக்'கில் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். அந்த நொடியில் விளக்கு என்ன ஆகிறது? (சில வண்டிகளில் இன்ஜின் ஓடினால்தான் முன்விளக்கு எரியும். அப்போது மீட்டர் போர்டைப் பார்க்க வேண்டியதுதான்.) விளக்கு அப்படியே மங்கிப் படுத்துவிட்டால், கரண்ட் போக முயற்சி பண்ணுகிறது, பேட்டரிக்கோ அதன் டெர்மினலுக்கோ தாங்கவில்லை, இல்லை மோட்டாரோ இன்ஜினோ இறுகிக் கிடக்கிறது. விளக்கு துளிக்கூட அசையவில்லை என்றால் கரண்ட் கிளம்பவே இல்லை. ரிலேயின் தகடு கரிந்திருக்கலாம், கேபிள் அறுந்திருக்கலாம், மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். கயிறு இருக்கிற வண்டி என்றால் ஒரு இழு இழுத்துப் பார்ப்பது இன்னொரு நல்ல சோதனை. சுலபமாகச் சுற்றி ஸ்டார்ட் ஆனால் இன்ஜின் மேல் பழியில்லை. நம்ம ஏரிக்காரர் இப்படித்தான் தப்பிக்கிறார். மூணாவது இழுப்பில் வண்டி எடுக்கிறது, வீட்டுக்கு வந்து சேர்கிறார், வெதுவெதுப்பான ஷெட்டில் வண்டியை விட்டுவிட்டுத் தூங்கப் போகிறார்.

காலையில் சாவியைத் திருப்பினால்... ஜம்மென்று எடுக்கிறது! 'டிக்' போன இடம் தெரியவில்லை.

இதுதான் இந்த வியாதியின் மோசமான குணம். டாக்டர் முன்னால் போனதும் காய்ச்சல் இறங்கிவிடுகிற மாதிரி. மெக்கானிக்கிடம் கொண்டு போனால் அவருடைய பட்டறையும் சூடாகத்தான் இருக்கும். "நல்லாத்தானே இருக்கு" என்று திருப்பி அனுப்பிவிடுவார். ரிலேக்குள் புகுந்த ஈரம் வெளியே தகடு மேல் ஐஸ் படலமாக நிற்கும், உள்ளே வந்ததும் உருகிவிடும். கெட்டியான இன்ஜின் ஆயில் இளகிவிடும். பேட்டரியும் தெம்பாகிவிடும். லெட் ஆசிட் பேட்டரிக்குக் குளிர் ஆகவே ஆகாது. மைனஸ் 18 டிகிரியில் அது கோடையில் கொடுத்த சக்தியில் சுமார் பாதியைத்தான் கொடுக்கும். அதே குளிரில் இன்ஜின் சுற்றுவதற்குக் கேட்கிற சக்தியோ அதிகம். வரவு பாதி, செலவு இரட்டை. அதனால் குளிரில் வருகிற குறையைக் குளிரிலேயே வைத்துத்தான் பார்க்க வேண்டும். வேறு வழியில்லை, வண்டியை ராத்திரி முழுக்க வெளியே நிறுத்திவிட்டு விடிகாலையில் மல்டிமீட்டரோடு போக வேண்டியதுதான்.

முதலில் பேட்டரியின் இரண்டு முனையிலும் மீட்டரை வைக்க வேண்டும். நன்றாகச் சார்ஜ் ஆனது 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்டும். 12 வோல்ட் என்றால், பேர்தான் 12 வோல்ட் பேட்டரியே தவிர, முக்கால்வாசி காலி. ஆனால் சும்மா இருக்கும்போது காட்டுகிற எண்ணை நம்பி எந்தத் தீர்ப்பும் எழுதக் கூடாது. சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு பார்க்க வேண்டும். அப்போது ஒன்பதரைக்கும் கீழே விழுந்தால் பேட்டரிதான் முதல் சந்தேகம். ரொம்ப இறங்கிப்போன பேட்டரி மைனஸ் 10 டிகிரிக்குள்ளேயே உறைந்துவிடக் கூடும் (நல்ல சார்ஜில் இருப்பது மைனஸ் 50ஐக்கூடத் தாங்கும்). உறைந்த பேட்டரியைச் சார்ஜரில் போடுவது தற்கொலைக்குச் சமம், வெடிக்கும்.

பேட்டரி பாஸ் என்றால்தான் சுவாரசியமே ஆரம்பம். மல்டிமீட்டர் கையில் இருப்பவர்கள் எல்லாரும் செய்கிற ஒரு வேலை உண்டு. கேபிளின் இரண்டு முனையிலும் வைத்து 'பீப்' வருகிறதா என்று பார்ப்பார்கள். 'பீப்' வந்தால் கேபிள் நல்லது என்று முடிவு. இந்தச் சோதனை இங்கே பச்சைப் பொய் சொல்லும். கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். ஒரு துருப்பிடித்த இணைப்பில் 0.02 ஓம் மின்தடை இருக்கிறது. சாதாரண மல்டிமீட்டரின் ஒயர்களுக்கே அதைப்போல பத்து மடங்கு இருக்கும். அதனால் மீட்டர் கண்ணுக்கு இது பூஜ்யம். 'பீப்' வரும். ஆனால் அதே இணைப்பில் நூறு ஆம்பியர் ஓட முயன்றால்? பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதிதான்: 100 தடவை 0.02, இரண்டு வோல்ட். அந்த ஒரு போல்ட்டிலேயே இரண்டு வோல்ட் செத்துப்போகிறது. குளிரில் ஏற்கெனவே பத்தில் தள்ளாடுகிற பேட்டரியில் இருந்து மோட்டாருக்குப் போய்ச் சேருவது எட்டு. இன்ஜின் எப்படிச் சுற்றும்?

அறுந்துபோய் ஒரே ஒரு இழை மிச்சம் இருக்கிற கேபிள்கூட 'பீப்' போடும். டெஸ்ட் லாம்ப்பைக்கூட எரிய வைக்கும். பாலம் இருக்கிறது என்று சொல்வதற்கும் அதன்மேல் லாரி போகும் என்று சொல்வதற்கும் உள்ள வித்தியாசம் இது.

ஆகவே கரண்ட் ஓடும்போதே அளக்க வேண்டும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் மேல் (கேபிள் மேல் அல்ல, பேட்டரியின் ஈயக் குமிழ் மேலேயே), இன்னொன்றை ஸ்டார்ட்டர் மோட்டாரின் போல்ட் மேல் வைத்துச் சாவியைத் திருப்புவது. அரை வோல்ட்டுக்குள் காட்டினால் அந்தப் பக்கம் சுத்தம். அப்புறம் பேட்டரி நெகட்டிவுக்கும் மோட்டாரின் உடம்புக்கும் இடையில் அதே மாதிரி. இங்கே 0.2, 0.3க்கு மேல் போகக் கூடாது. எங்கே அதிகம் காட்டுகிறதோ அந்தப் பாதையில் ஒவ்வொரு இணைப்பாக நகர்ந்தால் திருடன் பிடிபடுவான். இரண்டு பக்கமும் சுத்தம், மோட்டாரின் போல்ட்டுக்கும் உடம்புக்கும் நடுவே பத்து வோல்ட்டுக்கு மேல் வருகிறது, கயிற்றால் இழுத்தால் இன்ஜின் சுற்றுகிறது, ஆனாலும் மோட்டார் அசையவில்லை... அப்போதுதான், அப்போது மட்டும்தான், மோட்டாரைத் திட்ட வேண்டும்.

மீட்டர் இல்லாதவருக்குக் கையே மீட்டர். இரண்டு வோல்ட், நூறு ஆம்பியர் என்றால் இருநூறு வாட். அது அந்த ஒரு இணைப்பில் சூடாகத்தான் போக வேண்டும். சில நொடி சாவியைப் பிடித்துவிட்டு இணைப்புகளைத் தொட்டுப் பார்த்தால், வண்டி முழுக்கச் சில்லென்று இருக்க ஒன்று மட்டும் வெதுவெதுவென்று இருக்கும். அதுதான். ஆனால் பத்து நொடிக்கு மேல் தொடர்ந்து பிடிக்கக் கூடாது. காரணம், 1912 கேடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங் முதன்முதலில் எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரை வைத்தபோதே இருக்கிறது. இன்ஜினைச் சுற்ற இன்ஜின் அளவுக்கே மோட்டார் வேண்டுமே என்று எல்லாரும் நினைத்தார்கள். கல்லாப்பெட்டி இயந்திரத்துக்கு மோட்டார் வடிவமைத்த அனுபவம் கெட்டரிங்குக்கு இருந்தது. சின்ன மோட்டாரை அதன் சக்திக்கு மீறிச் சில நொடி மட்டும் வேலை வாங்கலாம், அப்புறம் ஆறவிட்டால் போதும் என்று அவருக்குத் தெரியும். இன்றைக்கும் எல்லா ஸ்டார்ட்டரும் அந்தக் கடனில்தான் ஓடுகிறது. விடாமல் பிடித்தால் காயில் கருகும்.

நம்ம ஏரிக்காரர் விஷயத்தில் எர்த் பக்கம் ஒண்ணரை வோல்ட் காட்டுகிறது என்று வைப்போம். இது ரொம்பச் சகஜம். ஸ்னோமொபைலின் உடம்பில் பெரும்பகுதி அலுமினியம். செம்புக் கேபிளை அலுமினியத்தில் போல்ட் போட்டு முறுக்கி, அதன்மேல் தினமும் பனித்தூளை அடித்து, இன்ஜின் சூட்டில் உருக்கி, ராத்திரி மறுபடி உறைய வைத்தால் என்ன ஆகும்? அலுமினியத்தின் மேல் படிகிற ஆக்சைடு மின்சாரத்தைக் கடத்தாது. பனிமேட்டில் குதித்துக் குதித்துப் போகிற அதிர்ச்சியில் போல்ட்டும் தளர்ந்திருக்கும். பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு, போல்ட்டைப் பிரித்து, உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து, இறுக்கி முறுக்கி, மேலே கொஞ்சம் மின்கிரீஸ் தடவினால் முடிந்தது. செலவு ஒரு உப்புத்தாள். இதற்காக எத்தனை நல்ல மோட்டார்கள் குப்பைக்குப் போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

ரிலேயின் இரண்டு தடி போல்ட்டையும் ஸ்க்ரூ டிரைவரால் சேர்த்துப் பார்க்கிற வித்தை ஒன்று உண்டு. மோட்டார் சுற்றினால் ரிலே குற்றவாளி. பலரும் செய்கிறார்கள். பெட்ரோல் ஆவி பக்கத்தில் இருக்கத் தீப்பொறி பறக்கும், எல்லாப் பாதுகாப்பு ஸ்விட்ச்சையும் தாண்டி இன்ஜின் திடீரென்று எடுத்துக்கொள்ளும். மீட்டரை அந்த இரண்டு போல்ட்டுக்கும் நடுவில் வைத்துச் சாவியைத் திருப்பினாலே அதே பதில் கிடைக்கும்போது (ரிலே நல்லதென்றால் கிட்டத்தட்ட பூஜ்யம்) இந்த வீர விளையாட்டு எதற்கு?

குளிரைத் திட்டுகிறவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். ஸ்னோமொபைல் வருஷத்தில் ஏழெட்டு மாசம் ஷெட்டில் சும்மா கிடக்கிற வண்டி. சும்மா கிடக்கிற பேட்டரி தானாகவே இறங்கும், இறங்கிய பேட்டரியின் தகட்டில் சல்ஃபேட் படிந்து இறுகும். எலிகள் சீட்டுக்கு அடியில் குடித்தனம் நடத்தி ஒயரைக் கடிக்கும். ஜனவரியில் ஏரி நடுவே கேட்கிற 'டிக்' பல நேரம் ஜூலையிலேயே கருவாகிவிட்டது. பேட்டரியைக் கழற்றி வீட்டுக்குள் வைத்து, அவ்வப்போது மெதுவாகச் சார்ஜ் ஏற்றுகிறவர்களுக்கு இந்தப் பதிவில் பாதி தேவையே படாது.

கயிறும் இல்லாத வண்டிக்காரர்கள் இப்போது கையடக்க லித்தியம் ஜம்ப் பேக் ஒன்றைக் கொண்டு போகிறார்கள். அதையும் வண்டிப் பெட்டியில் போட்டால் குளிரில் அதுவும் விறைத்துவிடும், கோட்டுக்குள் உடம்போடு ஒட்டி வைத்திருக்க வேண்டும். சில பழைய இரண்டு ஸ்ட்ரோக் வண்டிகளின் கையேட்டில், கயிற்றைக் கழற்றி நேராக முன் கிளட்ச்சில் சுற்றி இழுக்கிற அவசர வழி படம் போட்டே கொடுத்திருப்பார்கள்.

இதில் புதுசாக வந்த ஒரு யோசனை அழகு. பத்து வருஷத்துக்குள் வந்த சில ஸ்கி-டூ மாடல்களில் ஸ்டார்ட் பண்ணக் கனமான பேட்டரியே கிடையாது. அதற்குப் பதில் ஒரு அல்ட்ரா கெபாசிடர். இன்ஜின் ஓடினால் சில நொடியில் நிரம்பிவிடும், நிறுத்திய பிறகு அரை மணி நேரம் வரை பட்டனை அழுத்தினால் எடுக்கும். தனி ஸ்டார்ட்டர் மோட்டாரும் இல்லை, மின்சாரம் தயாரிக்கிற மேக்னட்டோவையே மோட்டாராகத் திருப்பிவிடுகிறார்கள். பேட்டரி, மோட்டார், பென்டிக்ஸ், ரிங் கியர்... மொத்தப் பாரமும் மிச்சம். ஆனால் கெபாசிடர் ராத்திரி முழுக்கச் சார்ஜைப் பிடித்து வைக்காது. நாலு மணி நேரம் மீன் பிடித்துவிட்டு வந்தாலும் அதே கதைதான். காலையில் முதல் தடவையும், ஏரியில் திரும்பும் நேரமும், கயிற்றைத்தான் இழுக்க வேண்டும்.